சட்டைப்பையில் ஓர் உடைந்த கண்ணாடி: பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் எழுத்துக்கு வந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவருக்கு வயது 54. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் இடையிலுள்ள மலையோர ஊர் ஒன்றில் ரப்பர் பால் வெட்டுகிறவர். மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரே மகள், நர்ஸ் படிப்பு முடித்து, தக்கலைப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. "எழுதுங்க டீச்சர், நாலு பேருக்குப் பயன்படட்டு. ஆனா ஆளு யாருன்னு தெரியாண்டாம்" என்று அவர் சொன்னதால் பெயரும் ஊரும் இங்கே இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவரிடம் கொண்டுபோனேன். இந்த முதல் பத்தியை அவரே வாசித்தார். மீதியை நான் வாசித்துக் காட்டினேன்.

நான் பத்து வருடம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள். இப்போது பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த பாடத்தில் பாதி இந்த ஒரு மனிதரிடம் தவறு செய்து கற்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில்

"கண்ணாடி எடுக்காம வந்துட்டேன். இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுதியளா?"

அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, தலையை ஒழுங்காக வாரியிருந்தார். யார் பார்த்தாலும் ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள் என்றுதான் நினைப்பார்கள். சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. யோசிக்காமல், "பையிலயே இருக்கே அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை எடுத்துத் திறந்து காட்டினார். ஒரு பக்கச் சில்லு குறுக்கே கீறியிருந்தது. ஒரு காலைக் கறுப்பு நூலால் கட்டியிருந்தது. "உடஞ்சு போச்சு" என்றார்.

அந்தக் கண்ணாடி உடைந்து பதினோரு வருடமாகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உடைந்தது என்பதற்காகவே அதைப் பத்திரமாக வைத்திருந்தார். எழுத்து முன்னால் வந்து நின்றால் எடுத்துக் காட்டுவதற்கு.

மனைவிக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கொடுத்த சீட்டு அது. எந்த அறை, எத்தனை மணிக்கு, சாப்பிடாமல் வரவேண்டுமா என்பதெல்லாம் அதில் இருந்தது. வாசித்துச் சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியல்ல, அவமானம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தச் சீட்டோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்திருக்கிறார். யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்டால் வெளியே தெரியாது என்று முகங்களைப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறார். கடைசியில் ஊர்க்காரி அல்லாத என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

கிளம்பும்போது, "நான் பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுக்கிறவ. யாருக்கும் தெரியாமலும் சொல்லிக்குடுப்பேன்" என்று மட்டும் சொன்னேன். "எனக்கு எதுக்கு அது?" என்றார். நான் என் போன் நம்பரை வாயால் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. ஒரு முறை காதில் விழுந்த பத்து இலக்கத்தைப் பன்னிரண்டு நாள் மனத்தில் வைத்திருந்திருக்கிறார். எழுத்து இல்லாதவர்களுக்கு மூளை மந்தம் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மறைப்பதே ஒரு வேலையாக

கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பது மற்ற இடங்களில் இருப்பதைப் போன்றதல்ல. 2011 கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். நாகர்கோவிலில் 1893-இலேயே கல்லூரி வந்துவிட்டது. டீக்கடைக்கு டீக்கடை பேப்பர் கிடக்கும். கோயிலோ சர்ச்சோ, நோட்டீஸ் அடிக்காமல் எந்த விசேஷமும் நடக்காது. இப்படிப்பட்ட ஊரில் "எனக்கு வாசிக்க அறியாது" என்று ஒருவர் சொல்வது சாதாரண விஷயமல்ல. இங்கே எழுத்துத் தெரியாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். ஒருவரையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு நன்றாக மறைத்துக்கொள்ளக் கற்றிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் இவர் "அஞ்சாங்கிளாஸ்" என்று சொல்லியிருக்கிறார். ஆக, அந்த 91.75-இல் இவரும் ஒருவர்.

உண்மையில் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. இவருடைய அப்பா திருவிதாங்கூர் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் போனவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு மகன் படித்தது தமிழ். அப்பாவுக்குத் தெரிந்த எழுத்து மகனுக்கு உதவவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பையன் காதால் பிழைத்துக்கொண்டான். மற்ற பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு, பாடத்தை அப்படியே மனப்பாடம் செய்து, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பான். இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஆசிரியர் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டார். பையன் பழைய பக்கத்தையே தொடர்ந்து வாசித்தான்.

வகுப்பு முழுவதும் சிரித்த அந்தச் சிரிப்பை அவர் என்னிடம் விவரிக்கவில்லை. "அதுக்கப்புறம் நான் ஒட்டுப்பால் பெறக்கப் போயிட்டேன்" என்றார். மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைச் சுரண்டி எடுப்பது ஒட்டுப்பால். சின்னப் பிள்ளைகளின் கைக்கு ஏற்ற வேலை.

பிறகு வந்த நாற்பத்தைந்து வருடத்தில் அவர் வேண்டாம் என்று தள்ளியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டே போனேன். மஸ்கட்டில் இருந்த சொந்தக்காரர் விசா தருவதாகச் சொன்னது; பாஸ்போர்ட்டுக்கு ஃபாரம் நிரப்ப வேண்டுமே என்று போகவில்லை. தோட்டத்தில் சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி இரண்டு முறை கேட்டது; சூப்பர்வைசர் நோட்டு எழுத வேண்டும். சபைக் கமிட்டியில் நிற்கச் சொன்னது. கமிட்டிக்காரர்களை என்றாவது வேதபாடம் வாசிக்க அழைப்பார்கள். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.

இவற்றில் எதற்கும் உண்மையான காரணத்தை அவர் சொன்னதில்லை. அதனால் ஊர் தானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டது: கவுரவம் பிடித்த ஆள், யாருக்கும் கீழே நிற்க மாட்டார், யாரோடும் சேர மாட்டார். மகள் நினைத்துக்கொண்டது இன்னும் கொடுமை. அப்பாவுக்கு என் படிப்பில் அக்கறை இல்லை என்று. நர்ஸ் படிப்புக்கு அவர் வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் ராங்க் கார்டில் ஒரு தடவைகூட அப்பா கண்ணை ஓட்டவில்லை என்பது மனத்தில் தங்கிவிட்டது.

எழுத்துத் தெரியாததால் இழந்தது கொஞ்சம். அதை மறைக்கப்போய் இழந்தது மிக அதிகம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு வெகுநாள் பிடித்தது. பிரித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியதுதான் நான் செய்த தவறு.

முதல் மூன்று வாரம்

வழக்கமான முறையில் தொடங்கினேன். அரிச்சுவடி, சிலேட்டு, அ ஆ. நேரம் மாலை ஏழு மணி, இடம் என் வீட்டுத் திண்ணை.

எல்லாமே தவறு. பால் வெட்டுகிறவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிறவர். வெயில் ஏறும் முன் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகமாக இருக்கும், அப்போது வெட்டினால்தான் நன்றாக ஒழுகும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே முன்னூறு மரத்துக்கு மேல் வெட்டி, பாலெடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, மெஷினில் ஷீட் அடித்து முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். மாலை ஏழு மணிக்கு அவர் உடம்பு தூங்கப்போகும் நேரம். சிலேட்டின் மேலேயே கண் சொக்கினார். நான் அதை ஆர்வக்குறைவு என்று எடுத்துக்கொண்டேன்.

அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 200 மணி நேரப் படிப்பு. நல்ல திட்டம், நான் மதிக்கிற திட்டம். ஆனால் மலையோரத்தில் மாலை வகுப்பு வைத்தால் பால்வெட்டுத் தொழிலாளி வரமாட்டார், வந்தாலும் தூங்குவார். கடற்கரையில் வைத்தால் கடலுக்குப் போகிற நேரம் இடிக்கும். நேரத்தை முடிவு செய்யும் முன் அந்த ஊரின் வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேட்க வேண்டும். சின்ன விஷயந்தான், நானே கேட்கவில்லை.

அடுத்தது அரிச்சுவடி. 247 எழுத்து என்று முதல் நாளே சொன்னேன். ஆண்டவனே, ஏன் சொன்னேன்? தமிழை வாசிக்க 247 வடிவத்தைத் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. முப்பதுக்குச் சற்று மேற்பட்ட அடிப்படை வடிவமும், கால், கொம்பு, கொக்கி என்று ஒட்டும் சில குறிகளும் பிடிபட்டால் போதும். எண்ணைக் கேட்டதும் அவர் முகம் இறுகியதைப் பார்த்தேன், புரிந்துகொள்ளவில்லை.

நான்காவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர் எதையோ கேட்டு என் திண்ணைக்கு வந்துவிட்டார். இவர் சிலேட்டைத் தொடைக்கு அடியில் செருகிவிட்டு, மழையைப் பற்றி ஏதோ பேசினார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்று வாரம்.

இந்த வேலையில் ஆட்கள் நின்றுபோவதை நாம் "இடைநிற்றல்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அவர் வேலை பார்க்கும் தோட்டத்துக்கே போனேன். ஷீட் வாங்க விலை கேட்க வந்த மாதிரி போனேன்.

புகைப்புரைச் சுவர்

புகைப்புரை என்றால் ரப்பர் ஷீட்டைக் கழையில் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தும் சிறு கட்டடம். வெளியே காய்ந்த வாசமும் உள்ளே கண் எரிகிற புகையும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் கோடுகள் கிழித்திருந்தன. முதலில் பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அது கிறுக்கல் இல்லை. நெட்டுக் கோடுகள் ஐந்து ஐந்தாக, ஒவ்வோர் ஐந்துக்கும் குறுக்கே ஒரு வெட்டு. சில கட்டுக்குப் பக்கத்தில் வட்டம், சிலதில் வட்டத்துக்குள் புள்ளி. ஓரிடத்தில் சாய்ந்த மூன்று கோடு.

"இது என்ன அண்ணே?"

"ஷீட்டுக் கணக்கு. வட்டம் போட்டது கொள்ளாம், நல்ல ஷீட்டு. புள்ளி வச்சது குமிழு விழுந்தது, வெல கொறயும். சரிஞ்ச கோடு மழ. அன்னைக்கு வெட்டு இல்ல."

ஒன்பது மாதக் கணக்கு அந்தச் சுவரில் இருந்தது. விரலை வைத்து, போன ஆவணியில் எந்த வாரம் மழை, எந்த வாரம் எத்தனை ஷீட், எத்தனை தேறியது என்று நிறுத்தாமல் சொன்னார்.

"அண்ணே, இது எழுத்துதானே" என்றேன். "இத நீங்களே உண்டாக்கியிருக்கீங்க. நான் சொல்லிக்குடுக்கிறது வேற ஆளுங்க உண்டாக்கினது. அவ்வளவுதான்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாளைக்கு ரெண்டு மணிக்கு இங்க வாறியளா?" என்று கேட்டார்.

அதிலிருந்து வகுப்பு புகைப்புரை வராந்தாவில், மத்தியானம் இரண்டு மணிக்கு. அங்கே அந்த நேரத்தில் வேறு யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் கணக்கு எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. அரிச்சுவடியை நான் பிறகு கொண்டுபோகவே இல்லை.

அவருடைய கையை ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பால்வெட்டுக் கத்தியைப் பிடித்து மரத்தைச் சுற்றிச் சாய்வாக இழுத்துக்கொண்டு போகிற கை. ஒரு வெட்டில் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவ வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடிப்போனால் கத்தி உள்ளே மரத்தில் பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து திரும்ப வெட்ட முடியாமல் ஆகிவிடும். முன்னூறு மரம், இருட்டில், ஒன்றில்கூடக் காயம் படாது. அதே கையில் பென்சிலைக் கொடுத்தால் விரல் வெளுக்கும்வரை அழுத்துவார். முனை முறியும். முதல் வாரத்தில் ஆறு பென்சில்.

கத்தியைப் போலப் பிடிக்கச் சொன்னேன். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி, உள்ளங்கையை ஊன்றி, தன்பக்கமாக இழுத்து. எழுத்து முறைப்படி தவறான பிடி. ஆனால் அன்றைக்கே முனை முறிவது நின்றது.

சொற்களை அவர் வேலையில் இருந்தே எடுத்தோம். ப, ம, ர, ட நான்கு வடிவம், மேலே வைக்கும் புள்ளி. இவற்றிலிருந்து மரம் வந்தது, பட்டம், மட்டம், படம் வந்தன. ரப்பரும் வந்துவிட்டது. "ரப்பர்" என்று தானே எழுதிப் பார்த்த அன்று, "இத்தன வருசமா இதுக்குள்ளதான் கெடந்தேன், ஒரு தடவகூட எழுதிப் பாக்கல்லியே" என்றார். கால் போட்டதும் பாரம் வந்தது, பால் எழுத ல் தேவைப்பட்டது, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கண்

இது நடுவில் நடந்தது, ஆனால் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வாரம் வரை அவருக்கு ட-வும் ப-வும் அடிக்கடி மாறியது. நினைவில் நிற்கவில்லை என்று எண்ணினேன். பத்து இலக்கத்தைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்த நினைவு அது என்பதை மறந்துபோனேன். ஒரு நாள் சிலேட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதைக் கவனித்தேன். வெள்ளெழுத்து!

நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வை குறையும். எல்லாருக்கும் அது பேப்பர் வாசிக்கும்போது தெரிந்துவிடும். வாசிக்கிற பழக்கமே இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? பத்து வருடமாகக் கண் மங்கியிருந்தது, அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கடையில் பார்த்து, பிளஸ் 2 பவரில் ஒன்று வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது தன் உள்ளங்கையை. ரேகைக்குள் பாலின் கறுப்பு ஏறியிருந்ததை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

பழைய உடைந்த கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு மாதம் வரை இரண்டையும் பையில் வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. மறைப்பு என்பது ஒரு ஊன்றுகோல். காலுக்குப் பலம் வரும் முன் அதைப் பிடுங்கக் கூடாது. ஒரு நாள் பையில் ஒரு கூடுதான் இருந்தது.

முதியோர் வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது: நாற்பது வயதைத் தாண்டியவர் யார் வந்தாலும் முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிலேட்டு அப்புறம்.

தராசுச் சீட்டு

ஆறாம் மாதத்தில் அவர் ஒரு பழைய மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். உள்ளே ஷீட் விற்ற சீட்டுகள், மூன்று நான்கு வருடத்தவை. தோட்டத்துக்கு ஷீட் விற்கிற பொறுப்பு இவருடையது. எடை, தரம், விலை எல்லாம் வியாபாரி எழுதிக் கொடுப்பார், இவர் வாங்கி மடித்து வைத்துக்கொள்வார். எண்கள் அவருக்குத் தெரியும். எழுத்தில் எழுதிய தரமும் கழிவும்தான் தெரியாது. ஆகவே இருபது வருடமாக ஒரே சந்தேகம்: நாலாந்தரம் என்று வாயால் சொல்லிவிட்டு ஐந்தாந்தரம் என்று எழுதி ஏமாற்றுகிறார்கள். இந்தச் சந்தேகத்திலேயே மூன்று வியாபாரிகளோடு சண்டை போட்டு விலகியிருக்கிறார். அதில் ஒருவர் பால்ய சிநேகிதர்.

அந்த மஞ்சள் பையை இரண்டு வாரம் பிரித்துப் பார்த்தார். நான் உதவுகிறேன் என்றேன், வேண்டாமென்றார். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சீட்டையும் சுவர்க் கணக்கோடும் மனக்கணக்கோடும் ஒத்துப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து சொன்னது இது:

"ஒரு தப்பும் இல்ல டீச்சர். ஒக்கெ சரியாத்தான் எழுதியிருக்கான்."

அவர் கண் கலங்கியிருந்தது. ஏமாற்று வெளிப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. எழுத்துத் தெரியாதவரை ஊர் ஏமாற்றும் என்றுதான் நாம் எப்போதும் எழுதுகிறோம், அது நடக்கவும் செய்கிறது. ஆனால் வாசிக்க முடியாத ஒவ்வொரு தாளும் சந்தேகமாக மாறி, ஏமாற்றாதவனையும் பகையாக்கிவிடுவதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தச் சிநேகிதரிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. இப்போது ஷீட் அங்கேதான் போகிறது.

நான்கு இன்லேண்டு

மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நான் ஒருபோதும் வற்புறுத்தவில்லை. அந்த வீட்டில் என்ன புதைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எட்டாவது மாதம் அவரே சொன்னார்.

1996-இல், கல்யாணமாகி ஒரு வருடத்தில், கேரளத்தில் புனலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஏழு மாதம் வேலைக்குப் போயிருந்தார். தம் வாழ்க்கையிலேயே நிம்மதியான ஏழு மாதம் அதுதான் என்றார். ஏனென்று கேட்டேன். "அங்க எல்லா போர்டும் மலையாளம். எனக்கு வாசிக்க அறியாதுன்னா, தமிழன்லா, மலையாளம் எப்பிடி அறியும்னு விட்டுருவான். யாருக்கும் குத்தமாத் தெரியல்ல." வெப்ராளம் இல்லாமல் தூங்கிய நாட்கள் என்றார். இதைக் கேட்ட அன்று எனக்கு வேறு எதுவும் சொல்லிக்கொடுக்க ஓடவில்லை. எழுத்து இல்லாதது அங்கேயும் இல்லாததுதான். வெட்கம் மட்டும் எல்லையைத் தாண்டி வரவில்லை.

அந்த ஏழு மாதத்தில் மனைவி நான்கு இன்லேண்டு கடிதம் எழுதியிருக்கிறார். இவர் நான்கையும் பிரிக்கவே இல்லை. பிரித்து வைத்தால் கூடத் தங்கியிருக்கிறவன் கண்ணில் படும், கேட்பான். வாசித்துத் தரச் சொன்னால் பெண்டாட்டி எழுதியதை அவன் அறிவான், இவருக்கு வாசிக்கத் தெரியாததையும் அறிவான். பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

மூன்றாவது கடிதத்தில், தன் அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார், வாருங்கள் என்று எழுதியிருந்தது. நான்காவதில் அதையே இன்னும் கெஞ்சி எழுதியதாக மனைவி சொன்னார். இவர் போகவில்லை. தந்தி வந்த பிறகு, அதை எஸ்டேட் ஆபீசில் வாசித்துச் சொன்ன பிறகு, அடக்கத்துக்குத்தான் போனார். மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே இருபத்தொன்பது வருடம்.

அந்த நான்கு இன்லேண்டையும் ஒட்டியது ஒட்டியபடி கொண்டுபோய் மனைவி முன்னால் வைத்திருக்கிறார். "நான் இத வாசிக்கல்ல. வாசிக்க அறியாது. இப்பதான் படிக்கேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இந்தப் பகுதியை நான் அவர் மனைவியிடம் கேட்டு எழுதுகிறேன். "ரெண்டு நாளு எனக்குப் பேச்சு வரல்ல டீச்சர்" என்றார். "கோவமான்னு கேட்டா, கோவம் இல்ல. நான் யாரோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன் இத்தன நாளும்னு தெரியல்ல. அந்த ஆளு இங்க இல்லவே இல்லியே." மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டஞ்சாயா போட்டு வைத்துவிட்டு, முதல் இன்லேண்டின் ஓரத்தைத் தானே கிழித்து, கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்து, "வாசியுங்க" என்றாராம்.

ஒரு பக்கமும் கால் பக்கமும். நாற்பது நிமிடம் ஆயிற்று. பழைய கையெழுத்து, மடிப்பில் மை பரவியிருந்தது. பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கூரையில் மூன்று ஓடு மாற்ற வேண்டும். அனுப்பிய பணம் வந்தது. வரும்போது குடைக்கம்பி மாற்றிக்கொண்டு வரவும். "சுகமா?" என்று தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. தடுமாறிய இடத்தில் மனைவி சொல்லித் தரவில்லை, காத்திருந்தார். அது எனக்குப் பெரிதாகப் பட்டது. நானாக இருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

இப்போது

பதினான்கு மாதம் ஆகிறது. பஸ் போர்டு வாசிக்கிறார். குலசேகரம், அருமனை, தக்கலை எதற்கும் யாரையும் கேட்பதில்லை. மனைவியின் மாத்திரைச் சீட்டில் காலை, இரவு பார்த்துத் தானே எடுத்துக் கொடுக்கிறார். எழுதுவது இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ந-வும் த-வும், ல-வும் வ-வும் இன்றும் தடுமாறும். சர்ச்சில் பாட்டு நம்பர் சொன்னதும் பக்கத்தைப் பார்த்து அவரே திருப்புகிறார், ஆனால் பாடும்போது பழையபடி மனப்பாடமாகத்தான் பாடுகிறார், கண் அந்த வேகத்துக்கு வரவில்லை. மகளுக்கு வாட்ஸாப்பில் ஒரு நாள் "சாப்பிட்டாச்சா மக்களே" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளை யாரோ அப்பா போனை எடுத்துவிட்டார்கள் என்று பயந்து கூப்பிட்டிருக்கிறது. மகளிடம் அன்று சொன்னார். மகள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று கேட்டேன். "இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கோம்" என்றார். பன்னிரண்டு வருடத்துப் பெற்றோர் கூட்டம் ஒரு போனில் தீராது.

எழுத்தறிவுத் தேர்வை அவர் எழுதவில்லை. வாசிப்பு, எழுத்து, எண்கணக்கு தலா 50 மதிப்பெண், மொத்தம் 150. வாசிப்பிலும் கணக்கிலும் தேறுவார் என்று எனக்கு நிச்சயம். ஆனால் தேர்வு பள்ளிக்கூடத்தில், பெஞ்சில் உட்கார்ந்து எழுத வேண்டும். "அது மட்டும் இப்ப வேண்டாம் டீச்சர்" என்றார். என் பதிவேட்டில் ஒரு கட்டம் நிரம்பாமல் இருக்கிறது, இருக்கட்டும். இன்னொரு தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் இருவரைப் புகைப்புரை வராந்தாவுக்கு அவரே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "கண்ணாடி மறந்துட்டேன்னு சொன்னானுவ" என்றார்.

இரண்டாவது இன்லேண்டு ஓணத்துக்கு முந்தின வாரம் வாசித்தார்கள். மூன்றாவதைப் போன மாதம், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இரண்டு சாயங்காலமாக. நான்காவது இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. அதை நிறுத்தாமல், திக்காமல் வாசிக்க வந்த பிறகுதான் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தினமும் மத்தியானம் அரை மணி நேரம் சத்தமாக வாசித்துப் பழகுகிறார்.